தமிழ்நாட்டின் முதலைப் பண்ணைகள்

தமிழ்நாட்டின் முதலைப் பண்ணைகள் என்பவை, அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த சதுப்புநில முதலைகளை மதில் சூழ்ந்த குளங்களில் வளர்த்து, இனம் பெருக்கி, மீண்டும் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடும் நோக்குடன் 1970களின் நடுப்பகுதி முதல் ஏற்படுத்தப்பட்ட வளர்ப்பிடங்கள் ஆகும். திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணை, திருப்பூர் மாவட்டத்தின் அமராவதி அணை, தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறையின் பண்ணைகள் உள்ளன. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை ஓர் அறக்கட்டளையால் நடத்தப்படுகிறது. இவற்றுள் உலகளவில் பெயர் பெற்றது இதுவே.

'பண்ணை' என்று அழைக்கப்பட்டாலும் இங்கே தோலுக்காகவோ இறைச்சிக்காகவோ முதலைகள் வளர்க்கப்படுவதில்லை. இந்தியச் சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை. செயற்பாட்டில் இவை ஒரே விலங்கினத்துக்கென அமைந்த உயிரியல் பூங்காக்கள் எனலாம். தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இவை தம் முதல் நோக்கத்தை நிறைவேற்றின, முதலைகள் பெருகின. ஆனால் பெருகிய முதலைகளை விடுவதற்கு ஆறு கிடைக்கவில்லை.

முதலை இனங்கள்

இந்தியாவில் மூன்று முதலை இனங்கள் வாழ்கின்றன. ஆறு, ஏரி, அணை ஆகிய நன்னீர் நிலைகளில் வாழ்வது சதுப்புநில முதலை. கழிமுகங்களிலும் கடலோரச் சதுப்புகளிலும் வாழ்வது உவர்நீர் முதலை. கங்கை, சம்பல் முதலிய வட இந்திய ஆறுகளில் மீனை முதன்மை உணவாகக் கொண்டு வாழ்வது, நீண்டு ஒடுங்கிய வாயையுடைய சொம்புமூக்கு முதலை. தமிழ்நாட்டில் இன்று இயற்கையாகக் காணப்படுவது சதுப்புநில முதலை மட்டுமே. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்கள் ஒருங்கே வருவது ஈண்டு குறிப்பிடத்தக்கது. அவை மூன்று இனங்களைக் குறித்தனவா, ஒரே இனத்தின் வேறு பெயர்களா என்பது குறித்து உரையாசிரியர்களின் துணைகொண்டு சிந்திக்கலாமே அன்றி உறுதி கூற இயலாது. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்ட கதையும், யானையின் காலை முதலை பற்றிய கசேந்திர மோட்சக் கதையும், நம் குளங்களிலும் மடுக்களிலும் முதலை இருப்பது வியப்புக்குரியதாக இல்லாத ஒரு காலத்தை நினைவூட்டுகின்றன.

சதுப்புநில முதலை பொதுவாக 3 முதல் 4 மீட்டர் வரை நீளம் வளரும். பெண் முதலை கோடையின் தொடக்கத்தில், நீர் விளிம்புக்குச் சற்று மேலே மணலிலோ மண்ணிலோ குழி தோண்டி 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பொரிக்கும். உள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலியைக் கேட்டுத் தாய் குழியைத் திறந்து, அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும். நீரை அடைந்த குஞ்சுகளுள் பெரும்பாலானவை நாரை, பெரிய மீன், உடும்பு, மற்ற முதலைகள் ஆகியவற்றுக்கு இரையாகும். நூறு முட்டைகளில் ஒன்றிரண்டு உயிர்கள் முழு வளர்ச்சி பெற்றாலே பேறு. பண்ணை முறையின் அடிப்படை இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளது. முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வரை காத்து, பின்னர் ஆற்றில் விட்டால், இயற்கை கழித்துவிடும் உயிர்களுள் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

வீழ்ச்சியும் சட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முதலைத் தோலுக்கு வெளிநாடுகளில் பெருவிலை கிடைத்தது. துப்பாக்கியும் கைவிளக்கும் கொண்டு இரவில் வேட்டையாடுவது எளிது. விளக்கொளியில் முதலையின் கண்கள் தணல்போல் ஒளிர்ந்து இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அணைகள், மீன்வலைகள், முட்டை சேகரிப்பு ஆகியனவும் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் மூன்று இனங்களும் அற்றுப்போகும் நிலையை எட்டின. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முதலை வேட்டையைத் தடைசெய்தது. எனினும் எஞ்சியவை மிகச் சிலவாக இருந்தமையால் தடை மட்டும் போதாது என உணரப்பட்டது. 1975 இல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் துணையுடன் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எச். ஆர். பசுட்டர்டு இதன் அறிவுரையாளராக இருந்தார். தமிழ்நாட்டின் வனத்துறைப் பண்ணைகள் இத்திட்டக் காலத்தில் உருவானவை.

காட்சிச்சாலையிலிருந்து வளர்ப்பிடத்துக்கு

இத்திட்டத்தின் பின்னணியை அறிய, உலக விலங்குக் காட்சிச்சாலைகள் அடைந்த மாற்றத்தைச் சுருக்கமாக நோக்க வேண்டும். 1752 இல் வியன்னாவின் சோன்பிரன் அரண்மனையில் தொடங்கிய காட்சிச்சாலை அரசரின் பெருமைக்கு உரியதாக இருந்தது. 1828 இல் திறக்கப்பட்ட இலண்டன் காட்சிச்சாலை அறிவியலாளருக்கென ஏற்பட்டது. 1855 இல் சென்னையில் எட்வர்டு பால்பர் முயற்சியால் உருவான காட்சிச்சாலை அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாகவே பிறந்தது. இது பின்னர் 1985 இல் வண்டலூருக்கு இடம் மாறி, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என விளங்குகிறது. 1907 இல் ஆம்பர்க் நகரருகே கார்ல் ஆகன்பெக் கம்பிகளை நீக்கி அகழிகளை அமைத்தார். விலங்கு திறந்த வெளியில் நிற்பதுபோன்ற தோற்றம் அங்கே முதன்முதலில் கிடைத்தது. ஆயினும் இவை அனைத்திலும் விலங்கு மனிதன் காண்பதற்காகவே இருந்தது.

1959 இல் செர்சித் தீவில் செரால்டு டரல் நிறுவிய பூங்கா இவ்வரிசையை மாற்றியது. அருகிவரும் இனங்களைப் பெருக்கி அவற்றின் தாயகத்துக்குத் திருப்பியனுப்புவதே பூங்காவின் முதற்பணி, காட்சி அடுத்ததே என்பது அவர் கொள்கை. இக்கொள்கை இந்திய மண்ணில் மிகப் பெரிய அளவில் செயற்படுத்தப்பட்டது முதலைகளின் வாயிலாகத்தான் எனலாம். ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் சொம்புமூக்கு முதலைப் பெண்கள் இருந்தும் தகுந்த ஆண் இல்லாமையால், செருமனியின் பிராங்க்பர்ட் காட்சிச்சாலையிலிருந்து ஓர் ஆண் முதலை கொண்டுவரப்பட்டது. 1980 இல் அங்கே குஞ்சுகள் பொரித்தன. காப்பிடத்தில் இவ்வினம் பெருகியது உலகிலேயே அதுவே முதல் முறை. கங்கைக்குரிய ஓர் உயிரினத்தின் ஆணை ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது என்பதே அக்கால நிலைமையை உணர்த்தப் போதுமானது.

சாத்தனூர்

திருவண்ணாமலை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், தண்டராம்பட்டு வட்டத்தில், சென்னகேசவ மலைகளுக்கிடையே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சாத்தனூர் அணை கட்டப்பட்டுள்ளது. முதலாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பணி தொடங்கி 1958 இல் நிறைவுற்ற இவ்வணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அக்காலத்தில் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 இல்.

அணைகள் முதலைக்குத் தீங்கும் செய்துள்ளன, நன்மையும் செய்துள்ளன. ஆற்றின் ஓட்டம் தடைப்படுவதால் கீழ்ப்பகுதியில் மடுக்கள் வற்றி, மணற்கரைகள் கெடுகின்றன. மாறாக, அணைக்குப் பின்னே தேங்கும் நீர் கோடையிலும் வற்றாமல், மனித நடமாட்டம் குறைந்த கரைகளுடன் முதலைக்குப் புதிய உறைவிடமாகிறது. சாத்தனூர், அமராவதி, பவானிசாகர் ஆகிய மூன்று நீர்த்தேக்கங்களிலும் முதலைகள் தங்கியது இவ்வாறே. அமராவதி நீர்த்தேக்கத்தின் கரையோரக் குழிகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்து அருகிலுள்ள பண்ணையில் பொரிக்கவைப்பது அங்கே முதன்மைப் பணியாக இருந்தது.

சாத்தனூர்ப் பண்ணை அணையின் பூங்காக்களை ஒட்டி அமைந்துள்ளது. தாழ்ந்த மதில்களாலும் கம்பி வலைகளாலும் சூழப்பட்ட தனித்தனிக் குளங்களில் வயதுக்கும் உருவளவுக்கும் ஏற்ப முதலைகள் பிரித்து வைக்கப்படுகின்றன. இப்பிரிவு காட்சிக்காகச் செய்யப்பட்டதன்று. வளர்ந்த முதலை, தன்னிலும் சிறியதை உண்ணத் தயங்காது. ஒரே குளத்தில் இரு பெரிய ஆண்கள் இருப்பின் இனப்பெருக்கப் பருவத்தில் ஒன்று மற்றொன்றை முடமாக்கிவிடும். சில நூறு முதலைகளைக் கொண்ட இப்பண்ணை தமிழ்நாட்டின் பெரிய பண்ணைகளுள் ஒன்று.

திருவண்ணாமலைக்கு முழுநிலவு நாள்களில் கிரிவலம் வருவோரிலும், கார்த்திகைத் தீபத்துக்கு வருவோரிலும் பலர் மறுநாள் சாத்தனூருக்குச் செல்வது வழக்கம். அணையைக் காண்பதும், கரையில் விற்கும் வறுத்த மீனை உண்பதும், முதலைகளைப் பார்ப்பதும் இப்பயணத்தின் மூன்று அங்கங்கள். மதிலருகே நின்று பார்ப்போரில் பெரும்பாலோர் அசையாது கிடக்கும் முதலையைக் கண்டு, அது உயிருள்ளதா பொம்மையா என வினவுவர். சிலர் கல்லெறிந்தும் பார்ப்பர். இது வருந்தத்தக்கது. முதலை அசையாதிருப்பது சோம்பலாலன்று. அது தன் உடல்வெப்பத்தை வெயிலிலிருந்தே பெறும் குளிர்குருதி விலங்கு. தேவையற்ற அசைவைத் தவிர்ப்பதாலேயே பல நாள்கள் உணவின்றி வாழ இயல்கிறது. வாயைப் பிளந்தபடி கிடப்பது பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கவேயன்றி அச்சுறுத்தவன்று.

வடநெம்மேலி

சென்னையில் 1972 இல் கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர், தம் துணைவி சாய் விட்டேக்கருடனும் நண்பர்களுடனும் சேர்ந்து 1976 இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலை ஒட்டிய 8.5 ஏக்கர் மணல்நிலம் இது. இதன் ஆங்கிலப் பெயரில் 'பண்ணை' என்னும் சொல் இல்லை. 'வங்கி' என்னும் சொல்லே உள்ளது. முதலைகளை வைப்புத்தொகைபோல் இட்டுவைத்து, ஆறுகள் கேட்கும்போது எடுத்துத் தருவது என்பது கருத்து. தமிழில் 'முதலைப் பண்ணை' என்ற வழக்கு நிலைத்துவிட்டதால் இக்கருத்து மறைந்துபோயிற்று.

சில பத்து முதலைகளுடன் தொடங்கிய இவ்வங்கியின் முதல், வட்டியை ஈன்றது. கடலோர வெப்பமும், தடையின்றிக் கிடைத்த உணவும் சேர்ந்ததில், பெண் முதலைகள் சில ஒரே ஆண்டில் இரு முறை முட்டையிட்டன. காட்டில் ஒரு பெண் முதலை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முட்டையிடுவது அறியப்படாததால், 1984 இல் இச்செய்தி வெளியானபோது ஊர்வனவியலாளரின் கவனத்தை ஈர்த்தது. இங்கே பொரித்த முதலைகளில் 1,500க்கும் மேற்பட்டவையும் பல நூறு முட்டைகளும் பல மாநில வனத்துறைகளுக்கு வழங்கப்பட்டன. இந்திய இனங்கள் மட்டுமன்றிப் பிற நாட்டு முதலைகளும் சேர்க்கப்பட்டு, உலகின் முதலை இனங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் காணக்கிடைக்கும் நிலை ஏற்பட்டது.

இப்பண்ணையின் வளாகத்திலேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் தொழிலிழந்த இருளர்களைக் கொண்டு 1978 இல் இச்சங்கம் பதிவு செய்யப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிடமிருந்து நஞ்செடுத்து, பாம்புகளை மீண்டும் காட்டில் விடுவது சங்கத்தின் பணி. நாட்டின் பாம்புக்கடி மருந்து உற்பத்திக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து செல்கிறது. விட்டேக்கருக்கு 2018 இலும், இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 இலும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

பண்ணைகள் தந்த அறிவு

காட்டில் முதலையை அணுகி ஆராய்வது அரிது. பண்ணைகளில் நூற்றுக்கணக்கான கூடுகளை ஒருங்கே கவனிக்க முடிந்ததால் சில அடிப்படை உண்மைகள் வெளிப்பட்டன. அவற்றுள் தலையாயது பால் நிர்ணயம் பற்றியது. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதை நிறப்புரிகள் முடிவு செய்கின்றன. முதலையில் அத்தகைய பால் நிறப்புரிகள் இல்லை. முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே முடிவு செய்கிறது. செப்ரி லாங், ஆரி ஆண்ட்ரூசு, விட்டேக்கர் ஆகியோர் வடநெம்மேலி முட்டைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1989 இல் வெளியானது. 28 முதல் 31 பாகை செல்சியசு வரை வைக்கப்பட்ட முட்டைகளில் அனைத்தும் பெண்களாயின. 32.5 பாகையில் ஆண்கள் பிறந்தன. அதற்குச் சற்று மேலும் கீழும் இரு பாலும் கலந்து வந்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு கூட்டையே பெண்களாகவோ ஆண்களாகவோ ஆக்கிவிடுகிறது. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசப்படும் இக்காலத்தில் இவ்வாய்வின் முதன்மை கூடியுள்ளது. பண்ணைகளைப் பொறுத்தவரையும் இதற்கு நேரடிப் பயன் உண்டு: பொரிப்பகத்தின் வெப்பத்தைக் கவனியாது விட்டால், ஆற்றில் விடும் முதலைகள் அனைத்தும் ஒரே பாலாக அமைந்துவிடக்கூடும்.

தாய் முதலை மட்டுமன்றித் தந்தை முதலையும் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீரில் விடுவதும் இங்கேயே விரிவாகப் பதிவு செய்யப்பட்டது. மற்றொரு பதிவு வியப்பூட்டுவது. பண்ணையின் மரங்களில் கொக்குகள் பெருந்தொகையாகக் கூடு கட்டும். அப்பருவத்தில் சில முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி நீரில் அசைவற்றுக் கிடந்ததையும், கூட்டுக்குச் சுள்ளி தேடிவந்த கொக்கைப் பாய்ந்து பிடித்ததையும் விளாதிமிர் தினெட்சு என்பவர் 2013 இல் வெளியிட்டார். இது கருவியைப் பயன்படுத்துவதாகுமா, மிதக்கும் சுள்ளி தற்செயலாகப் படிவதா என்பதில் பின்னர் வந்த ஆய்வாளர்கள் கருத்து வேறுபட்டனர்.

மிகுதிச் சிக்கல்

திட்டத்தின் வெற்றியே அதன் இடர்ப்பாடாயிற்று. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பத்துப் பெண் முதலைகள் ஆளுக்கு 25 முட்டைகள் இட்டு, அவற்றில் பாதி மட்டும் பிழைத்தாலும், ஓராண்டில் 125 குஞ்சுகள். அவை ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் வளரும். அரை நூற்றாண்டு வாழக்கூடும். நாள்தோறும் இல்லாவிடினும் வாரந்தோறும் இறைச்சியோ மீனோ கேட்கும்.

1990களின் நடுப்பகுதியில் முதலைகளைப் பெருக்குவதும் விடுவதும் நிறுத்தப்பட்டன. விடுவதற்குத் தகுந்த நீர்நிலைகள் இல்லை என்பதே முதன்மைக் காரணம். மணல் அள்ளப்பட்ட ஆற்றில் முட்டையிட இடமில்லை. கோடையில் வறளும் ஆற்றில் தங்க மடு இல்லை. எஞ்சிய மடுவிலோ மக்கள் குளிக்கின்றனர், மாடு கழுவுகின்றனர், வலை வீசுகின்றனர். கொள்ளிடக் கரையூர்களில் முதலை கடித்து மக்கள் காயமுற்றதும் உயிரிழந்ததும் உண்டு. ஊர்க்குளங்களில் புகும் முதலைகளை வனத்துறையினர் பிடித்துச் சிதம்பரம் அருகே உள்ள வக்காரமாரி குளத்தில் விடுவது வழக்கமாகிவிட்டது. ஆற்றங்கரை மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. முதலையைக் காக்கும் செலவை அரசும் அறக்கட்டளையும் ஏற்கின்றன. அதனுடன் வாழும் இடரை ஏற்பவர்கள் அம்மக்களே.

இதற்கிடையே பண்ணைகளில் முட்டைகள் இடப்பட்டுக்கொண்டே இருந்தன. பருவந்தோறும் கூடுகளைத் தேடி முட்டைகளை அகற்றுவதும், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதும் பணியாளர்களின் கடமையாயின. முட்டையைக் காப்பதற்கென ஏற்பட்ட இடத்தில் முட்டையை அழிப்பது பணியாயிற்று. வடநெம்மேலியின் 8.5 ஏக்கரில் முதலைகளின் எண்ணிக்கை 2,000ஐக் கடந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2013 இல் இவ்வினத்தைப் பற்றி அளித்த மதிப்பீட்டின்படி, உலகில் இயற்கையாக வாழும் முதிர்ந்த சதுப்புநில முதலைகள் 5,700 முதல் 8,700 வரையே. பண்ணையின் எண்ணிக்கையில் இளையவையும் அடங்குமாதலால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாதெனினும், மிகுதியும் குறைவும் ஒரே இனத்தில் ஒருங்கே நிலவுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அறக்கட்டளையின் வருவாயில் பெரும்பங்கு நுழைவுச்சீட்டுகளால் வருவது. 2020 இலும் 2021 இலும் கொரோனாப் பெருந்தொற்றால் வாயில்கள் மூடப்பட்டபோது, முதலைகளுக்கு உணவளிக்கப் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டும் நிலை ஏற்பட்டது. பின்னர் 1,000 சதுப்புநில முதலைகளைக் குசராத்தின் சாம்நகரில் ரிலையன்ஸ் குழுமத்துடன் தொடர்புடைய விலங்கு மீட்பு மையத்துக்கு மாற்ற இசைவு பெறப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2022 இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆற்றுக்கெனச் சேமித்த முதலைகள் இவ்வாறு மற்றொரு மதிலுக்குள் சென்றன. நெரிசலைக் குறைக்க வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை; எனினும் இதனை இனப்பாதுகாப்பு என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருந்தும்.

பிற இடங்களில்

நீர்நிலை காக்கப்பட்ட இடங்களில் முடிவு வேறாக இருந்தது. ஒடிசாவின் பிதர்கனிகா கழிமுகக் காடுகளில் 1970களின் நடுவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த உவர்நீர் முதலைகள், வளர்த்து விடப்பட்டும் தாமே பெருகியும் 2024 கணக்கெடுப்பில் 1,800 அளவை எட்டின. அங்கே காடும் கழியும் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஆசுதிரேலியாவின் வட ஆட்புலத்தில் 1971 இல் வேட்டை தடைசெய்யப்பட்டபோது சில ஆயிரமே இருந்தவை இன்று ஏறத்தாழ ஒரு இலட்சம். அங்கே காட்டிலுள்ள கூடுகளிலிருந்து முட்டை எடுத்து விற்க நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு. முதலையால் வருவாய் உண்டாதலால் சதுப்பைக் காப்பதில் அவர்களுக்கு நாட்டம் உண்டு. இத்தகைய முறையை இந்தியாவிலும் மேற்கொள்ளலாம் என விட்டேக்கர் உட்படச் சிலர் வாதிட்டனர். கள்ள வேட்டைக்கு அது திரையாகிவிடும் என்ற அச்சத்தால் அரசு ஏற்கவில்லை.

1893 இல் தொடங்கிய புளோரிடாவின் செயின்ட் அகசுதீன் பண்ணை காட்சிக்கென ஏற்பட்டுப் பின்னர் ஆய்வுக்கும் இடமளித்தது. 1950 இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில் தோன்றிய பண்ணை தோல் வணிகத்தைச் சார்ந்தது. கியூபாவின் சபாட்டா சதுப்பில் 1959 இல் ஏற்பட்ட வளர்ப்பிடம், அந்நாட்டுக்கு மட்டுமே உரிய கியூபா முதலையைக் காக்கிறது. சாத்தனூரோடும் அமராவதியோடும் ஒப்பிடத்தக்கது இதுவே, ஏனெனில் இங்கும் பண்ணையை அடுத்தே முதலையின் இயற்கை உறைவிடம் உள்ளது.

காணத்தக்க பருவம்

சாத்தனூரிலும் வடநெம்மேலியிலும் முதலைகளைக் காண ஏற்றது குளிர்மாதங்களின் முற்பகல். அப்போது அவை நீரைவிட்டு வெளியேறிக் கரையில் வெயில் காயும். தை, மாசி மாதங்களில் ஆண் முதலைகள் தலையை உயர்த்தி நீரில் அறைவதையும், உடல் அதிர உறுமுவதையும், அவ்வதிர்வில் முதுகின்மேல் நீர்த்துளிகள் துள்ளுவதையும் பொறுமையுடன் காத்திருப்போர் காணலாம். மதிலில் சாய்வதும், குழந்தைகளைச் சுவரின்மேல் அமர்த்துவதும், உணவோ கல்லோ எறிவதும் கூடா. கோடையில் மணற்பகுதியில் அண்மையில் கிளறிய மண் தென்பட்டால், அதன் அருகே நீரில் இரு கண்கள் மட்டும் வெளியே தெரியக் காவலிருக்கும் பெண் முதலையும் பெரும்பாலும் இருக்கும்.